நாலு பத்து லைன் டெஸ்ட்

— அதான் சொல்றேனே சார், நூத்தி இருபது பக்கமும் ஓகே. நாப்பத்தேழு ஒண்ணுதான் நிக்குது. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மத்தியானத்துக்குள்ள பிளேட் எடுத்து மெஷின்ல ஏத்திடுவேன். ஞாயித்துக்கிழமை அம்மா பொறந்தநாளுக்குப் புத்தகம் கையில.

— போட்டுர்றேன் பிரஸ்காரரே. கண்ணாடியை எங்க வெச்சேன்... ஆங், நெத்திலதான் இருக்கு. நாப்பத்தேழுல என்ன தப்பு? கட்டம் கிட்டம் மறுபடி வந்துடுச்சா?

— ஐயோ, அதை ஞாபகப்படுத்தாதீங்க சார். நீங்க வருஷம், தேதி எல்லாத்தையும் சுத்திக் கட்டம் போட்டு எழுதியிருந்தீங்களா, நான் ஏதோ டிசைன்னு நெனச்சு முதல் புரூஃப் முழுக்கக் கட்டத்தோடயே அடிச்சுட்டேன்.

— குடும்ப வரலாறு கேட்டா காலண்டர் போட்டுக் குடுத்தீங்க. என்ன பண்றது, எட்டாவதுல எங்க கணக்கு வாத்தியார் பழக்கிவிட்டது. விடையைக் கட்டம் கட்டலைன்னா முட்டைதான். நானும் வாத்தியாராகி முப்பத்துநாலு வருஷம் பசங்களை அதையே சொல்லி உயிரெடுத்தேன்.

— கட்டத்தைக்கூட விடுங்க. உங்க வரி இருக்கே, மாடிப்படி ஏறுற மாதிரி வலது பக்கம் மேல மேல போய்க்கிட்டே இருக்கும். முதல் பத்துப் பக்கம் ஸ்கேல் வெச்சுத்தான் அடிச்சேன்.

— சரி, கிண்டல் பண்ணது போதும். நாப்பத்தேழு என்ன?

— எனக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க தங்கச்சி மேடம்தான் காலைல ஏழு மணிக்கே போன் பண்ணி, ‘நான் வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது’ன்னாங்க. குரலே ஒரு மாதிரி இருந்துச்சு.

— பாப்பாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. மூணு வாரமா வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கல. அம்மா வாசல்ல சத்தம் கேட்டா போதும், ‘பாப்பாவா, பாப்பாவா’ங்கறா. எண்பத்தாறு வயசு, பாவம்.

— பாப்பான்னா... அவங்களுக்கே பேரன் இருக்கான்ல சார்?

— அம்பத்தெட்டு ஆகுது. எங்க வீட்ல கடைசி வரைக்கும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் பண்ற வேலை. எல்லாரையும் செவிடு மாதிரியே நெனச்சுப் பேசுவா.

— சார், மெதுவா. படியேறி வர்றாங்க. வாங்க மேடம்! அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, மை ஒட்டிக்கும். இப்படி வாங்க.

— இருக்கட்டும் தம்பி. பிளேட் போடலையே?

— நீங்க அவ்வளவு சொன்னப்புறம் போடுவேனா?

— நல்ல புள்ள. அண்ணா, நீயும் இங்கதான் இருக்கியா. ரொம்ப வசதி.

— என்ன பாப்பா இது, மூணு வாரமா ஆளைக் காணோம், நேரா பிரஸ்ல வந்து நிக்கற? அம்மா அங்க—

— அம்மா பேச்சு அப்புறம். முதல்ல அந்த நாப்பத்தேழைப் படி. சத்தமா.

— எனக்கே தெரியும், நான் எழுதினதுதானே. ‘அப்பாவின் ஒரே தங்கை. இளம் வயதிலேயே காலமானார்.’ போதுமா?

— அப்பாவோட மருந்துக்கடைக்கு ஒம்பது பக்கம். கடை போர்டு எழுதினவன் யாருன்னுகூட எழுதியிருக்கே. கூடப்பொறந்த தங்கச்சிக்கு ஒரு வரி. சரி போகட்டும். அந்த ஒரு வரியாவது உண்மையா இருக்க வேண்டாமா?

— அப்பா என்ன சொன்னாரோ அதைத்தான் எழுதினேன். ‘உங்களுக்கு அத்தைன்னு ஒருத்தி கிடையாது, செத்துட்டா’ன்னு சொன்னார். விஷயம் அதோட முடிஞ்சுது.

— இளம் வயசுன்னா எவ்வளவு வாத்தியாரே? எழுபத்தொண்ணு இளம் வயசா?

— எழுபத்தொண்ணா?

— பன்னெண்டு வருஷம் முன்னாடிதான் போயிருக்காங்க. நீ ரிட்டயர் ஆகிறதுக்கு ஏழு வருஷம் முன்னாடி வரைக்கும் இருந்திருக்காங்க. கேக்குதா?

— யார் சொன்னா? எவனாவது எதையாவது சொல்லியிருப்பான். பெரிய வேலை பண்ணிட்டு வந்துட்டா, சிஐடி.

— எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவர் வந்தார். டெலிபோன்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். வலது காது சுத்தமா மந்தம். ஹெட்போன் மாட்டி, ‘ஒண்ணும் பயமில்ல ஐயா, சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. எங்க வீட்டு போனுக்கு தினம் லைன் டெஸ்ட் வருமே, அதே மாதிரிதான்’னேன். ஹெட்போனைக் கழட்டிட்டார். ‘என்னம்மா டெஸ்ட்?’

— ஏன், லைன் டெஸ்ட்தான். தெரியாதா அவருக்கு? சாயங்காலம் நாலு பத்துக்கு வருமே.

— பார்த்தியா! நீயும் இன்னிக்கு வரைக்கும் அப்படித்தானே சொல்றே? எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து பொம்பளைக் குரல் வரும். ‘லைன் டெஸ்ட். ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எண்ணுங்க.’ நீ எண்ணுவே, அப்புறம் நான் எண்ணுவேன். ‘சரியா இருக்கு, நன்றி’ன்னு வெச்சுடும். போன் இருக்கற எல்லா வீட்லயும் பசங்க தினம் எண்ணுவாங்கன்னு அம்பது வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன்.

— எண்ண மாட்டாங்களா?

— அந்தப் பெரியவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! ‘ஏம்மா, லைனை மீட்டர் வெச்சுப் பார்ப்போம். பச்சப்புள்ளையை எண்ணச் சொல்லியா பார்ப்போம்?’ வெளில காத்துக்கிட்டு இருந்த பேஷண்ட் எல்லாம் உள்ள எட்டிப் பார்க்கறாங்க. எனக்கு மானமே போச்சு.

— சார், நிஜமாவா? தினமும் எண்ணுவீங்களா?

— ஏன் கேக்கறீங்க பிரஸ்காரரே. அப்பா கடையில இருப்பார். எனக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு மணிக்கு மைதானத்துல ஆட்டம். பசங்க எல்லாம் டீம் பிரிச்சுட்டு நிப்பானுங்க, நான் இங்க போனைப் புடிச்சுக்கிட்டு பதினேழு, பதினெட்டு. அம்மா எண்ணாம விடமாட்டா. லைனை வெட்டிடுவாங்கம்பா.

— நீ எண்ணும்போதே ஒரு காலை வாசப்படிக்கு வெளில வெச்சிருப்பே. சரி, கேளு. நான் பெரியவர்கிட்ட நம்ம பழைய நம்பரைச் சொன்னேன். அவர் ஒரு நாள் டைம் கேட்டார். மறுநாள் அவரே வந்து, ‘பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை இடிக்கப் போறாங்கம்மா, ரெக்கார்டு எல்லாம் இன்னும் உள்ளதான் கெடக்கு, வா’ன்னு கூட்டிட்டுப் போனார். தூசி, எலிப்புழுக்கை. ரெண்டு நாள் தும்மித் தீர்த்தேன். டெஸ்ட் டெஸ்க் ரிஜிஸ்டர்னு ஒண்ணு, இவ்வளவு தடிமன். ரிப்பேர்னு சொன்ன நம்பரை டெஸ்ட் பண்ணி எழுதி வெக்கறது. ஒவ்வொரு நம்பரும் ஒரு தடவை, ரெண்டு தடவை வரும். நம்ம நம்பர் மட்டும் தினம். நாலு பத்து. நாலு வருஷம்.

— நாலு வருஷமா?

— கடைசில ஆபரேட்டர் பேரு. அத்தை பேரு.

— ம்.

— அப்பா பார்த்த மாப்பிள்ளையை மாட்டேன்னு சொல்லிட்டு வேலைக்குப் போய் ஹாஸ்டல்ல தங்கினாங்கல்ல, அப்பா தலைமுழுகினாரே, அதுக்கு அப்புறம் எங்கயும் போகல அண்ணா. நம்ம வீட்லேர்ந்து மூணு பஸ் ஸ்டாப். எக்ஸ்சேஞ்ச் வேலையில சொந்தப் பேச்சு பேசக்கூடாது, பேசினா சீட்டு கிழிஞ்சுடும். அதனால எண்ணச் சொல்லியிருக்காங்க. நம்ம குரலைக் கேக்கணும், அவ்வளவுதான்.

— அம்மாவுக்குத் தெரியும்ங்கறியா?

— தெரியாமலா மணி அடிச்சதும் நம்ம ரெண்டு பேரையும் புடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துவா? நாத்தனார் குரல் அவளுக்குத் தெரியாதா? இந்தா, ரிஜிஸ்டரைப் படம் எடுத்திருக்கேன், குறிப்புன்னு ஒரு பத்தி இருக்கு பாரு. மத்த நம்பருக்கெல்லாம் ‘சரி’, ‘சரி’, ‘ஒயர் அறுந்தது’. நம்ம நம்பருக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு. ‘இன்று ஆறு, எட்டு தெளிவில்லை.’ எனக்கு முன்பல் விழுந்த மாசம். ‘இரண்டாவது குரலில் அடைப்பு. நாளை மீண்டும் பார்க்கவும்.’ எனக்கு சளி.

— மேடம், எனக்கு என்னமோ பண்ணுது.

— எனக்கு மட்டும் என்னவாம்? ரெக்கார்டு ரூம்ல உக்காந்து ஓன்னு அழுதேன் தம்பி. பெரியவருக்குக் காது கேக்காதா, பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘கெடச்சுதாம்மா, கெடச்சுதாம்மா’ன்னு கத்தறார்.

— என்னைப் பத்தி ஏதாவது இருக்கா?

— இருக்கு. கிட்டத்தட்ட கடைசியில. ‘முதல் குரல் உடைகிறது. லைனில் கோளாறு இல்லை.’ உனக்கு அப்ப பதிமூணு.

— பதிமூணு...

— அண்ணா? கேக்குதா?

— கேக்குது. அப்புறம்?

— தம்பி, உங்களுக்கு மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு பாருங்க. இது கொஞ்சம் வீட்டு விஷயம்.

— ஐயோ, தாராளமா பேசுங்க மேடம். நான் அந்தக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துட்டு வரேன். முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க.

— இப்ப எதுக்கு அவரை அனுப்பினே?

— அம்மா விஷயம், ஊரார் கேக்கறதுக்கு முன்னாடி நீ கேக்கணும்னுதான். ரிஜிஸ்டர் ஒரு தேதியோட நின்னுடுது அண்ணா. ஏன்னு தேடினேன். அத்தையோட சர்வீஸ் ஃபைல்ல ஒரு லெட்டர். நம்ம வீட்லேர்ந்து போன புகார். போன்ல படம் எடுத்து வெச்சிருக்கேன், பாரு.

— வேண்டாம். கண்ணாடி இல்ல.

— மூக்கு மேல இருக்கறது என்ன?

— இது தூரப் பார்வைக்கு. நீயே சொல்லு.

— ‘தினமும் மாலை நாலு பத்துக்கு உங்கள் ஊழியர் ஒருவர் என் வீட்டு எண்ணுக்கு அழைத்து, லைன் டெஸ்ட் என்று பொய் சொல்லி என் பிள்ளைகளை எண்ண வைக்கிறார். அவர் எனக்குத் தங்கை முறை. அவரோடு எங்களுக்கு எந்த உறவும் கிடையாது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.’ கீழ அப்பா கையெழுத்து. அது மட்டும்தான் அவரோடது. அவர் எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்குமே. மேல எழுதினது கடையில யாராவதா இருக்கும், குண்டு குண்டா எழுதியிருக்கான்.

— என்ன ஆச்சு அதுக்கப்புறம்? அத்தைக்கு?

— மெமோ குடுத்தாங்க. டெஸ்ட் டெஸ்க்லேர்ந்து தூக்கி, மலை மேல ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சுக்கு மாத்திட்டாங்க. மொத்தமே அறுபது லைன். கடைசி வரைக்கும் அங்கதான். பிரமோஷன் கிடையாது. ரிட்டயர் ஆகி அங்கயே ஒரு ரூம்ல இருந்து, அங்கயே போயிருக்காங்க. பென்ஷன் ஃபாரத்துல வாரிசு இடத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? நம்ம ரெண்டு பேர் பேரு.

— என் பேருமா?

— உன் பேருதான் முதல்ல.

— தண்ணி இருக்கா பாப்பா, உன் பையில?

— இந்தா. மெதுவா குடி. இப்ப சொல்லு, நாலு மணிக்கு அப்பா கடையில. நாலு பத்துக்கு வீட்ல என்ன நடக்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ போட்டுக் குடுத்திருக்கணும்ல? வீட்ல இருந்தது மூணு பேர். எனக்கு எட்டு வயசு, அது அத்தைன்னே தெரியாது. உனக்கும் தெரியாது. மிச்சம் யாரு?

— அம்மா சொல்லியிருக்க மாட்டா. நாலு வருஷமா போனை எடுத்து நம்ம கையில குடுத்தவளே அவதான். அவ எதுக்குச் சொல்லணும்?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் நேரா கேட்டேன். மூணு வாரம் முன்னாடி, நீ அவளுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தியே, அன்னிக்கு. ‘நீதானே அப்பாகிட்ட சொன்னே’ன்னு கேட்டேன்.

— என்ன சொன்னா?

— துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரே துண்டை மூணு தடவை மடிச்சா. அப்புறம், ‘வீட்ல அப்ப யார் யார் இருந்தோம்?’னு கேட்டா. ‘நீ, நான், அண்ணன்’னேன். ‘ஆமா, நான்தான் சொன்னேன்’னா.

— அம்மாவா அப்படிச் சொன்னா?

— வாய் தொறந்து சொன்னா. ‘நான்தான் சொன்னேன், இதை அண்ணன்கிட்ட கேக்காதே, அவனுக்குப் பிரஷர் இருக்கு’ன்னா. அதோட எழுந்து வந்துட்டேன். அவ மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல அண்ணா எனக்கு. நாலு வருஷம் அந்த மனுஷிக்கு ஆசை காட்டிட்டு, அப்பாவுக்குப் பயந்து ஒரே நாள்ல கழுத்தை அறுத்திருக்கா. தினம் ராத்திரி எனக்குச் சாதம் ஊட்டின கை அது. என்னால தாங்க முடியல.

— அவ சொன்னா உடனே நம்பிடறதா பாப்பா?

— அவளே ஒத்துக்கிட்டா, வேற யார் சொல்லணும்?

— வயசானவ. ஞாபகம் தப்பும். விஷயம் என்னன்னா...

— என்ன?

— விஷயம் என்னன்னா பாப்பா, அன்னிக்கு...

— என்னிக்கு?

— ஒண்ணுமில்ல. இதெல்லாம் கெளற வேண்டாம்னு சொல்ல வந்தேன். எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. அம்மா ஒருத்திதான் இருக்கா. ஞாயித்துக்கிழமை வா, அவ பக்கத்துல உக்காரு. அவ சரியாச் சாப்பிடறதில்ல.

— வரமாட்டேன். இந்தப் புத்தகத்துல மொதப் பக்கத்துல ‘அம்மாவுக்கு’ன்னு போட்டிருக்கியே, அதை எடு. ‘அத்தைக்கு’ன்னு போடு. நாப்பத்தேழுல அந்த லெட்டர் வரணும், முழுசா. யார் சொல்லி இது நடந்துச்சுன்னும் வரணும். நான் எழுதிக்கொண்டு வந்திருக்கேன், ரெண்டே வரி.

— அம்மா கையில குடுக்கப்போற புத்தகம் இது! பொறந்தநாள் அன்னிக்கு அவ அதைப் படிக்கணுமா?

— படிக்கட்டும். நல்லாக் கண்ணு தெரியுதுல்ல அவளுக்கு.

— பாப்பா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். அத்தையைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் எழுது. நாலு பக்கம் எழுது, எட்டுப் பக்கம் எழுது, நானே எழுதித் தரேன். ரிஜிஸ்டர், சளி, பல்லு, எல்லாம் போடு. லெட்டர் மட்டும் வேண்டாம்.

— ஏன்? கணக்கு வாத்தியாருக்கு விடை வேண்டாமா? முன்னுரையில எழுதியிருக்கியே, ‘ஆதாரம் இல்லாத ஒரு வரிகூட இந்நூலில் இல்லை’ன்னு. இதோ ஆதாரம். தம்பி! தம்பி, கொஞ்சம் வாங்க!

— பாப்பா, சொன்னாக் கேளு.

— அம்பது வருஷமா யாரும் அந்தப் பொம்பளைக்காகக் கேக்கல. நான் கேக்கறேன். வாங்க தம்பி. நாப்பத்தேழு மாறுது. மொதப் பக்கமும் மாறுது.

— அப்படியா? ஒண்ணும் கஷ்டமில்ல மேடம், அரை மணி நேர வேலை. சார், என்ன இப்படி வேர்க்குது? ஃபேனை உங்க பக்கம் திருப்பட்டுமா?

— வேண்டாம்ப்பா.

— இந்தப் படத்தை அப்படியே பக்கத்துல போட முடியுமா தம்பி? பழைய லெட்டர். எங்க அப்பா ஒரு ஆபீசுக்குப் போட்டது.

— எங்க, குடுங்க... படமா போட்டா தெளிவா வராது மேடம், தாள் பழுப்பாயிடுச்சு, மை பரவியிருக்கு. நான் டைப் பண்ணிடறேன். எட்டு வரிதானே.

— படிக்க முடியுமா உங்களால? எனக்கே ரெண்டு இடம் புரியல.

— பிரஸ்காரரே, அதை வெச்சுடுங்க. அது வேண்டாம். நான் சொல்றேன்ல!

— நீ ஏன் இப்படிக் கத்தறே? அவர் படிக்கட்டும். முடியுமா தம்பி?

— இதுல என்ன மேடம் இருக்கு, எனக்குப் பழகின கையெழுத்துதானே. பாருங்க, வரி மாடிப்படி ஏறுது, போன் நம்பரைச் சுத்திக் கட்டம் வேற. சார் எழுதினதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே அடிச்சு வெச்சிருப்பேனே.